சூட்டு உடம்புக்காரக் குடும்பம்

போன சித்திரையில் ஒரு மதியம். வலது கன்னம் வீங்கிப்போய் ஓர் அக்கா வந்து சிகிச்சை நாற்காலியில் சாய்ந்தார். கீழ்க் கடைவாய்ப்பல் சொத்தையாகி, மேல்பகுதி உடைந்து, வேர் மட்டும் நின்றது. எடுத்துவிட வேண்டியதுதான், யோசிக்க ஒன்றுமில்லை. வழக்கம்போல நாக்கை நீட்டச் சொன்னேன்.

நாக்கின் நுனியிலும் ஓரங்களிலும் சிவப்புப் புள்ளிகள். கடுகளவு சில, குண்டூசித் தலையளவு சில. விளக்கைக் கிட்டே இழுத்தேன். கீழுதட்டின் உள்பக்கம் நான்கு, மேலண்ணத்தில் இரண்டு. அவருடைய கையை வாங்கிப் பார்த்தேன். ஆள்காட்டி விரல் நுனியில் ஒன்று, மோதிர விரல் நுனியில் ஒன்று.

எங்கள் பக்கம் பாக்கும் புகையிலையும் போடுகிற பக்கம். யார் வாயைத் திறந்தாலும் நாங்கள் தேடுவது வெள்ளைத் திட்டைத்தான். வெள்ளை என்றால் புற்றுநோய்ப் பயம், உடனே நிமிர்ந்து உட்காருவோம். சிவப்புப் புள்ளிக்குக் கண் பழகியிருக்காது. வெற்றிலைச் சாறு, சூடான காபி, வைட்டமின் குறைவு என்று மனம் ஏதோ ஒரு காரணத்தை எடுத்து முன்னால் வைத்துவிடும்.

எனக்கே அப்படி நடந்திருக்கிறது. தொழிலுக்கு வந்த இரண்டாம் வருடம், ஒரு பெரியவர் உதடு நிறையப் புள்ளிகளோடு வந்தார். பி காம்ப்ளெக்ஸ் மாத்திரை எழுதிக் கொடுத்து, பல்லையும் எடுத்து அனுப்பினேன். மூக்கில் இரத்தம் வருமா என்று கேட்கவில்லை. பிள்ளைகளுக்கு எப்படி என்று கேட்கவில்லை. அவர் மறுபடி வரவும் இல்லை. அவர் முகம் மறந்துவிட்டது, உதடு மட்டும் நினைவிலேயே நிற்கிறது. இந்த அக்காவின் நாக்கைப் பார்த்ததும் அந்த உதடுதான் முதலில் கண்ணுக்குள் வந்தது.

மேசை இழுப்பறையில் ஆய்வகத்துக் கண்ணாடித் தகடு ஒன்று கிடந்தது. அதைத் துடைத்து, உதட்டுப் புள்ளி ஒன்றின் மேல் மெதுவாக அழுத்தினேன். சிவப்பு வெளிறியது. எடுத்ததும் மறுபடி ஊறி நிறைந்தது. அப்படியானால் அது தோலுக்கடியில் கசிந்து உறைந்த இரத்தம் இல்லை. ஓடிக்கொண்டிருக்கிற இரத்தம், விரிந்துபோன ஒரு நுண்நாளத்துக்குள்.

"அக்கா, உங்களுக்குச் சில்லுமூக்கு உடையுமா?"

"அது சின்னப்புள்ளையில இருந்தே உடையும் டாக்டரம்மா. எங்க வீட்ல எல்லாருக்குமே சூட்டு உடம்பு. எங்கய்யாவுக்கு உடையும், அத்தைக்கு உடையும், தம்பிக்கும் உடையும். வெயில் ஆரம்பிச்சுட்டா தலகாணி ஒறையெல்லாம் ரத்தமாத்தான் இருக்கும்."

நம் ஊரில் எத்தனையோ வீடுகளில் சொல்லப்படுகிற வாக்கியம் இது. தலையில் தண்ணீர் ஊற்றுவார்கள், வெந்தயம் ஊறவைத்துக் குடிப்பார்கள், வெங்காயத்தை நசுக்கி முகரச் சொல்வார்கள். இந்த வீட்டில் மூன்று தலைமுறைக்கு அதுவே நடந்திருக்கிறது. சூடு என்று பெயர் வைத்துவிட்டதால் யாரும் மருத்துவரிடம் போகவில்லை. சோர்வாக இருக்கிறது என்று போனபோது இரும்புச்சத்து மாத்திரை கொடுத்திருக்கிறார்கள். இரத்தம் ஏன் குறைகிறது என்று கேட்டிருந்தால் மூக்கில் போய் முடிந்திருக்கும், மூக்கைப் பார்த்திருந்தால் நாக்கையும் பார்த்திருப்பார்கள்.

இந்த நோயின் முழுப்பெயர் ஹெரிடிட்டரி ஹெமரேஜிக் டெலாஞ்சியெக்டேசியா. சுருக்கமாக எச்.எச்.டி. கல்லூரியில் நாங்கள் படித்தது ஆஸ்லர்-வெபர்-ரெண்டு என்ற பெயரில். பாரிஸில் ஆன்ரி ரெண்டு 1896இல் இது இரத்தம் சரியாக உறையாத ஹீமோஃபிலியா இல்லை, வேறொன்று என்று பிரித்துக் காட்டினார். 1901இல் பால்டிமோரில் வில்லியம் ஆஸ்லர் இது குடும்பத்தில் இறங்கி வருவதை எழுதினார். 1907இல் லண்டனில் பார்க்ஸ் வெபர். இப்போதுள்ள நீளப் பெயரை 1909இல் ஹேன்ஸ் என்பவர் வைத்தார். வைவாவில் மூன்று பெயரையும் வரிசையாகச் சொன்னால் தேர்வாளர் தலையாட்டுவார், அதோடு முடிந்தது. பாடப்புத்தகத்தில் ஒரு பத்தி, ஒரு படம். படத்தில் இருந்தது வெள்ளைக்காரர் முகம், கன்னமெல்லாம் சிவப்புப் பொட்டுகள்.

அந்தப் படம் நமக்கு ஒரு வகையில் கெடுதல் செய்கிறது என்று நினைக்கிறேன். நம் நிறத்தில் கன்னத்துப் புள்ளி அவ்வளவு லேசில் தெரியாது. பொது மருத்துவர் எதிரே உட்கார்ந்து பேசுகிறபோது அவர் கண்ணில் படாமலே போய்விடலாம். ஆனால் நாக்கும் உதட்டின் உள்பக்கமும் அண்ணமும் எல்லோருக்கும் இளஞ்சிவப்புதான். அங்கே புள்ளி பளிச்சென்று தெரியும். நல்ல விளக்கை வைத்துக்கொண்டு அந்த இடத்தைத் தினமும் பார்க்கிறவர்கள் நாங்கள். இந்தியாவில் ஒரு கறுத்த முகத்துக்காரரின் எச்.எச்.டியை முதலில் காணும் வாய்ப்பு யாருக்காவது இருக்கிறது என்றால் அது பல் மருத்துவருக்குத்தான்.

என்ன பழுது என்று சொல்லிவிடுகிறேன். தமனி கிளை பிரிந்து பிரிந்து, முடியைவிட மெல்லிய தந்துகிகளாகி, அதன் பிறகுதான் சிரையில் சேரும். தந்துகி வலை இடையில் இருப்பதால் இரத்தத்தின் வேகமும் அழுத்தமும் தணியும். எச்.எச்.டியில் சில இடங்களில் அந்த வலை உருவாகாமல், தமனி நேராகச் சிரையோடு ஒட்டிக்கொள்கிறது. தோலிலும் வாயிலும் மூக்கிலும் அது சின்னப் புள்ளியாக நிற்கும், சுவர் மெல்லியது, தொட்டால் உடையும். நுரையீரல், மூளை, கல்லீரல் இவற்றில் பெரிய இணைப்புகளாகவே இருக்கலாம். எண்டோக்ளின், ஏ.எல்.கே.1 என்ற இரண்டு மரபணுக்களில் ஒன்று பழுதாவதே பெரும்பாலும் காரணம். பெற்றோரில் ஒருவருக்கு இருந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் வரப் பாதிக்குப் பாதி வாய்ப்பு, ஆண் பெண் வேறுபாடு கிடையாது. சுமார் 5,000 பேரில் ஒருவருக்கு இருக்கலாம் என்பது உலக அளவில் சொல்லும் கணக்கு. 2011 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டு மக்கள்தொகை 7 கோடியைத் தாண்டியிருந்தது. அதே விகிதம் இங்கும் பொருந்தும் என்றால் பதினான்காயிரம் பேர் வருகிறார்கள். என் பதினாறு வருடத்தில் நான் அடையாளம் கண்டது இந்த ஒரே குடும்பத்தை.

ஒன்றைக் கவனிக்க வேண்டும். இவர்களுக்கு இரத்தம் உறைவதில் குறை எதுவும் இல்லை. பல் எடுப்பதற்கு முன் நாங்கள் எழுதிக் கொடுக்கிற இரத்தக்கசிவு நேரம், உறையும் நேரம், தட்டணுக்கள் எண்ணிக்கை எல்லாம் சரியாகவே வரும். அந்த அக்காவுக்கும் அப்படித்தான் வந்தது. அந்தச் சீட்டைப் பார்த்துவிட்டு ஊசியைப் போட்டிருந்தால் என்னை யாரும் குறை சொல்லியிருக்க முடியாது. ஹீமோகுளோபின் மட்டும் குறைவு, 7.9.

அவரோடு துணைக்கு வந்த தம்பி வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். நாற்பதைத் தாண்டியவர், இடது கையை மடியில் போட்டிருந்த விதத்தில் ஏதோ வித்தியாசம். உள்ளே கூப்பிட்டேன். அவர் நாக்கிலும் புள்ளிகள், அக்காவைவிடக் குறைவு. விரல் நுனிகளைப் பார்த்தபோதுதான் எனக்குப் பயம் வந்தது. நுனியெல்லாம் உருண்டு, நகம் கவிழ்ந்து வளைந்திருந்தது. உடம்பில் நீண்ட காலமாக ஆக்சிஜன் குறைந்திருந்தால் விரல் அப்படி ஆகலாம். கொரோனா நேரத்தில் வாங்கிய ஆக்சிமீட்டர் கையருகே இருந்தது. உட்கார்ந்தபடி 88 காட்டியது. நாற்காலியைச் சாய்த்து அவரைப் படுக்கவைத்தேன். ஒரு நிமிடத்தில் 93. மறுபடி உட்காரவைத்தேன், இறங்கியது.

சாதாரண மூச்சுக்கோளாறில் படுத்தால்தான் கஷ்டம், உட்கார்ந்தால் தேவலை. இங்கே தலைகீழாக இருந்தது. நுரையீரலின் அடிப்பகுதியில் தமனியும் சிரையும் நேராக ஒட்டியிருந்தால், உட்காரும்போது இரத்தம் கீழே இறங்கி அந்தக் குறுக்கு வழியில் கூடுதலாகப் போகும், ஆக்சிஜன் ஏறாமலே திரும்பும்.

"கை எப்படி ஆச்சு அண்ணே?"

அக்காதான் பதில் சொன்னார். ஒன்பது வருடத்துக்கு முன் ஒரு நாள் தலைவலி, காய்ச்சல், அப்புறம் வலிப்பு. பெரிய ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடியிருக்கிறார்கள். மூளையில் சீழ்க்கட்டி. மண்டையைத் திறந்து எடுத்திருக்கிறார்கள். உயிர் பிழைத்தார், இடது கை பழைய பலத்துக்கு வரவில்லை. எதனால் வந்தது என்று கேட்டதற்கு, "சில பேருக்கு வரும்" என்று பதில்.

"அதுக்கு முன்னால பல் ஏதும் எடுத்தீங்களா?"

இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். "ஆமா, ஒரு மாசம் முந்தி இருக்கும். கடவாப்பல்லு. அதுக்கும் இதுக்கும் என்ன டாக்டரம்மா?"

அந்தப் பல்லால்தான் என்று இன்றைக்கு யாராலும் அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் அதற்கும் இதற்கும் என்ன என்ற கேள்விக்குப் பதில் இருக்கிறது. பல் எடுக்கும்போதும், பல் இடுக்கை ஆழமாகச் சுத்தம் பண்ணும்போதும் வாயிலுள்ள கிருமிகள் கொஞ்சம் இரத்தத்தில் கலக்கும். ஈறு கெட்டிருந்தால் பல் தேய்க்கும்போதே கலக்கும். நம் எல்லோருக்கும் நடப்பதுதான். அந்த இரத்தம் இதயத்தின் வலப்பக்கம் வந்து நுரையீரலுக்குப் போகிறது. நுரையீரலின் தந்துகி வலை மாவுச் சல்லடை மாதிரி. கிருமிக் கூட்டமும் சின்ன இரத்தக்கட்டியும் அங்கே சிக்கி அழிந்துபோகும். சல்லடையில் விரல் நுழைகிற அளவுக்கு ஓட்டை விழுந்திருந்தால்? கிருமி நேராக இதயத்தின் இடப்பக்கம் வந்து, அடுத்த துடிப்பில் மூளைக்குப் போகும் வழி திறந்திருக்கிறது. எச்.எச்.டி உள்ளவர்களின் மூளைச் சீழில் வாய்க்குள் வாழ்கிற வகைக் கிருமிகளை ஆய்வகங்கள் திரும்பத் திரும்பக் கண்டிருக்கின்றன. இரத்தக்கட்டி போனால் பக்கவாதம்.

எண்டோக்ளின் வகை எச்.எச்.டி உள்ளவர்களில் ஏறக்குறைய பாதிப்பேருக்கு நுரையீரலில் இந்த ஓட்டை இருக்கிறது. பெரும்பாலோருக்கு மூச்சுத்திணறல்கூடத் தெரியாது. அதனால்தான் ஓட்டை இல்லை என்று சோதனையில் தெரியும்வரை இருக்கிறது என்று வைத்துக்கொண்டு, இரத்தம் வரக்கூடிய எந்தப் பல் வேலைக்கும் முன்னால் ஆன்டிபயாடிக் கொடுக்கச் சொல்கிறார்கள். பெரியவர்களுக்கு அமாக்சிசிலின் 2 கிராம், அதாவது 500 மில்லிகிராம் மாத்திரை நான்கு, வேலைக்கு அரைமணி முதல் ஒருமணி நேரம் முன்பாக ஒரே தடவை. பெனிசிலின் ஒவ்வாதவர்களுக்கு வேறு மருந்து. நான்கு மாத்திரை. கடையில் என்ன விலை என்று உங்களுக்கே தெரியும்.

எடுத்த பிறகு ஐந்து நாளைக்கு எழுதிக் கொடுக்கிற பழக்கம் நம்மில் நிறையப் பேருக்கு உண்டு. கிருமி இரத்தத்தில் கலக்கும் அந்தச் சில நிமிடங்களில் மருந்து ஏற்கெனவே இரத்தத்தில் இருக்க வேண்டும். அதனால்தான் நேரத்தை இவ்வளவு வலியுறுத்துகிறேன்.

அன்று பல்லை எடுக்கவில்லை. வீக்கத்துக்கும் வலிக்கும் மருந்து கொடுத்து, இரண்டு பேருக்கும் ஒரு நீளக் கடிதம் எழுதினேன். கூராசோ அளவுகோல் என்று ஒன்று இருக்கிறது. கரீபியனில் உள்ள ஒரு தீவின் பெயர், அங்கே கூடிய நிபுணர்கள் வகுத்து 2000இல் வெளிவந்தது. தானாக அடிக்கடி மூக்கில் இரத்தம், உதடு வாய் மூக்கு விரல் போன்ற இடங்களில் புள்ளிகள், உள்ளுறுப்பில் இணைப்பு, பெற்றோர் உடன்பிறந்தார் பிள்ளைகளில் ஒருவருக்கு இதே நோய். நான்கில் மூன்று இருந்தால் உறுதி, இரண்டு இருந்தால் சந்தேகம். மரபணுச் சோதனை இல்லாமலே இவ்வளவு தூரம் வந்துவிடலாம். கடிதத்தில் இந்த நான்கையும் எழுதி, நுரையீரலுக்குக் குமிழி எக்கோ தேவை என்று அடிக்கோடிட்டேன். உப்புநீரைக் காற்றோடு குலுக்கி, நுண்குமிழிகளோடு சிரையில் ஏற்றி, இதயத்தை எக்கோவில் பார்ப்பார்கள். நுரையீரல் சல்லடை சரியாக இருந்தால் குமிழிகள் வலப்பக்கத்தோடு நின்றுவிடும். சில துடிப்புகள் கழித்து இடப்பக்கம் குமிழி தெரிந்தால் எங்கோ ஓட்டை.

தம்பிக்குச் சிடி ஸ்கேனில் வலது நுரையீரலின் அடியில் பெரிய இணைப்பு ஒன்று தெரிந்தது. தொடையிடுக்குச் சிரை வழியாகக் குழாய் விட்டு, அதற்கு இரத்தம் கொண்டுவரும் நாளத்தைக் கம்பிச்சுருள் வைத்து அடைத்தார்கள். நெஞ்சைத் திறக்கவில்லை. அடுத்த தடவை என் ஆக்சிமீட்டரில் உட்கார்ந்தபடி 96. அவர் அதையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். அக்காவுக்குச் சில குமிழிகள் வந்தன. ஆனால் ஸ்கேனில் அடைக்கிற அளவுக்குப் பெரிதாக எதுவும் இல்லை. இரண்டு பேருக்குமே பல் வேலைக்கு முன்னால் ஆன்டிபயாடிக் ஆயுள் முழுவதும் உண்டு, அடைத்தவருக்கும் சேர்த்து.

அக்காவுக்கு அந்தப் பல்லை அதிக நாள் விட்டுவைக்கவும் முடியாது. சீழ் பிடித்த பல் வாயில் இருப்பதே அவருக்கு ஆபத்து. இரும்புச்சத்தைச் சிரை வழியாக ஏற்றிய பிறகு, சில வாரம் கழித்து எடுத்தேன்.

அந்தக் காலைப்பொழுதை முழுக்க அவருக்கென்றே ஒதுக்கியிருந்தேன். மாத்திரை நான்கையும் என் கண் முன்னால் விழுங்கவைத்தேன். உதடு முழுக்க வாசலின் தடவினேன், கண்ணாடியின் விளிம்பு உரசினாலே புள்ளி கிழிந்துவிடும். காய்ந்த பஞ்சை வாயில் வைக்கவில்லை. அது ஈரத்தோலில் ஒட்டிக்கொள்ளும், எடுக்கும்போது புள்ளியையும் சேர்த்துப் பிய்க்கும். எல்லாவற்றையும் நனைத்தே வைத்தேன். உறிஞ்சுகுழாய் நாக்கைக் கவ்வாமல் இருக்க உதவியாளர் ஒருவர் அதை மட்டுமே பார்த்துக்கொண்டார். மரத்துப்போகும் ஊசியை ஒவ்வொரு தடவையும் பின்னிழுத்துப் பார்த்து, மெதுவாகப் போட்டேன். பல் வந்த குழியில் ஜெலட்டின் பஞ்சு வைத்து, இரண்டு தையல், நனைத்த துணியைக் கடித்தபடி அரைமணி நேரம். டிரானெக்ஸாமிக் அமிலத்தை வாயில் வைத்துத் துப்பச் சொன்னேன். 500 மில்லிகிராம் மாத்திரையைப் பொடித்து 10 மில்லி தண்ணீரில் கரைத்தால் ஐந்து சதவீதக் கரைசல் கிடைக்கும்.

நான் பயந்த அளவுக்கு இரத்தம் வரவில்லை. உறைதல் சரியாக இருப்பவர் என்பதால் குழி தன் வேலையைச் செய்துகொண்டது. பிறகு ஒருநாள் நாக்கு நுனிப் புள்ளி ஒன்றுதான் தொல்லை கொடுத்தது. முறுக்கைக் கடித்தபோது உடைந்து, வெகுநேரம் நிற்கவில்லை. அதை மட்டும் வெளியூரில் லேசர் வைத்துச் சுருக்கினார்கள். மருந்தை ஊசியாகப் போட்டுச் சுருக்குவதும் உண்டு. இந்தப் புள்ளியை என்னவென்று பார்க்க வெட்டிப் பரிசோதனைக்கு அனுப்பக் கூடாது, நிற்காமல் வரும்.

பல் எடுத்ததைவிடக் கடினமாக இருந்தது அவரைப் பிரஷ் பிடிக்கவைத்தது. பிரஷ் பட்டால் நாக்கில் இரத்தம் வருகிறதென்று பத்து வருடமாகப் பல்பொடியும் ஆள்காட்டி விரலும்தான். அதனால் ஈறெல்லாம் காரை படிந்து வீங்கி, லேசாகத் தொட்டாலே கசிந்தது. அவ்வளவு கிருமியை வாயில் வைத்துக்கொண்டு இந்த நுரையீரலோடு வாழ்ந்திருக்கிறார். குழந்தைகளுக்கான மிக மென்மையான பிரஷ் வாங்கிக் கொடுத்து, ஈறோரம் மட்டும், நாக்குப் பக்கம் போகாமல் என்று கையைப் பிடித்துப் பழக்கினேன். ஒவ்வொரு தடவையும் முன்னதாக அதே மாத்திரையைக் கொடுத்து, மூன்று தடவையில் பல் சுத்தமும் முடித்தோம். இப்போது ஆறு மாதத்துக்கொருமுறை தவறாமல் வருகிறார். சில்லுமூக்கு உடைந்தால் தலையை அண்ணாந்து சாய்க்காமல், முன்பக்கம் குனிந்து மூக்கின் மெத்தென்ற பகுதியைப் பத்து நிமிடம் இறுக்கிப் பிடிக்கவும், மூக்கை உப்புநீர்ச் சொட்டால் ஈரமாக வைத்துக்கொள்ளவும் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள்.

அவருடைய மகளுக்கு வயது 19. நாக்கில் ஒரு புள்ளியும் இல்லை. "இவளுக்கு இல்லைல்ல?" என்று அக்கா கேட்டபோது நான் தலையாட்டவில்லை. மூக்கில் இரத்தம் சிறுவயதிலேயே தொடங்கும், புள்ளிகள் முப்பதுகளில்கூட வரலாம். நாக்கு சுத்தமாக இருப்பது அந்த வயதில் எதையும் சொல்லாது. மகளுக்குக் குமிழி எக்கோ எடுக்க வேண்டும் என்றேன். கல்யாணப் பேச்சு நடக்கிறது, வெளியே தெரிந்தால் என்ன ஆகும் என்றார். அந்தக் கவலை பொய்யில்லை, அதை நான் தட்டிக்கழிக்கவும் இல்லை. கர்ப்பமாக இருக்கும்போது இந்த நுரையீரல் இணைப்பு பெரிதாகி உயிருக்கே ஆபத்தாகலாம் என்பதையும் சொன்னேன். இரண்டு வாரம் கழித்து மகள் தானாகவே வந்து கடிதம் வாங்கிக்கொண்டாள்.

ஓர் அட்டையில் தமிழில் எழுதிக் கொடுத்திருக்கிறேன். "எனக்கு எச்.எச்.டி என்ற பரம்பரை இரத்தநாள நோய் இருக்கிறது. நுரையீரலில் இணைப்பு உண்டு. பல் எடுக்கவோ சுத்தம் செய்யவோ முன்பாக ஆன்டிபயாடிக் தேவை. சிரை வழியாக மருந்து ஏற்றினால் காற்றுக் குமிழி உள்ளே போகக் கூடாது. மூக்கு வழியாகக் குழாய் விட வேண்டாம். வாயிலுள்ள சிவப்புப் புள்ளிகளை வெட்ட வேண்டாம்." பின்பக்கம் அதையே ஆங்கிலத்தில்.

தம்பி அதை லேமினேட் செய்து சட்டைப்பையில் வைத்திருக்கிறார். போன வாரம் அக்கா வந்தபோது பையிலிருந்து ஒரு தாளை எடுத்தார். அத்தை வீட்டில், சித்தப்பா வீட்டில் யார் யாருக்குச் சில்லுமூக்கு உடையும் என்று மகளை விட்டு எழுதி வாங்கியிருந்தார். பதினொரு பெயர்கள்.

"ஞாயித்துக்கிழமை கூட்டிட்டு வரவா டாக்டரம்மா? நாக்கை மட்டும் பாத்துச் சொல்லுங்க."

வரச் சொல்லியிருக்கிறேன்.